பேர்போன பூ

குல்தீகா,
1974 மார்ச் 12

அன்புள்ள விஸ்மாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் கிந்தாக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்தில் கிந்தாவின் இருமலைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. அதனாலேயே அது அதிகமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பண்ணை லாரி ரீகாவுக்கு வந்தபோது தேனும் வாத்துக் கொழுப்பும் கொடுத்தனுப்பினேன். கொழுப்பை நெஞ்சில் தடவு. அவள் முகம் சுளித்தாலும் விடாதே.

இங்கே இன்னும் வேலிவரை பனி கிடக்கிறது. கன்றுக் கொட்டகையில் இந்த மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. ஆனாலும் நேற்று மதியம் தோட்டத்தைச் சுற்றி வந்தேன். லைலாக் கிளைகளின் நுனியில் மொட்டுகள் இரட்டை இரட்டையாகக் கொழுத்து நிற்கின்றன. மெலிந்தது இலைக்கு, கொழுத்தது பூவுக்கு. நான் விதை போட்டு வளர்த்ததில் மூன்று செடிகள் இந்த வருஷம் முதல்முறையாகப் பூக்கப் போகின்றன. ஆறு வருஷம் சோறு போட்டு வளர்த்தவை. என்ன நிறம் என்று அவற்றுக்கே தெரியாது.

இப்போது முக்கியமான விஷயம். ஊர் ஓரத்தில் இருக்கும் உன் காய்கறித் தோட்டத்தில் நான் ஒட்டுக்கட்டி வைத்த செடியும் இந்த மே மாதம் பூக்கும். அதன் தாய்ச்செடி இங்கே இரண்டு வருஷமாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. மொட்டு பீட்ரூட் நிறம், விரிந்தால் ஆடை எடுத்த பாலின் நீலம். இப்படி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புது வகைகளைப் பதிவு செய்யும் குழுவிலிருந்து ஓஸ்வால்த்ஸ் என்ற பெரியவர் ஜூனில் பார்க்க வருகிறார். அவர் ஒப்புக்கொண்டால் பெயர் வைக்கலாம். பெயரை முடிவு செய்துவிட்டேன். அதன் பெயர் விஸ்மா.

சிரிக்காதே. எனக்குப் பிள்ளையா குட்டியா. அம்மா போன பிறகு உன்னை நான்தான் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பினேன். வேறு யார் பெயரை வைப்பேன்? ஒரே ஒரு நிபந்தனை. பெயர் பதிவாகும்வரை யாருக்கும் ஒரு குச்சிகூடக் கொடுக்காதே. இந்த உலகத்தில் இருப்பதே இரண்டு செடி. எலியோ பனியோ ஒன்றைக் கொண்டுபோனால் மற்றது இருக்கட்டும் என்றுதான் உன்னிடம் ஒன்றை வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கிந்தாவுக்கு முத்தங்கள்.

அக்கா பெர்தா


ரீகா,
1974 ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் தேனும் கொழுப்பும் கிடைத்தன. நாங்கள் மூவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். கிந்தாவுக்கு இரவில் மூச்சு விசிலடிக்கிறது. நிலவறை வீட்டுச் சுவரில் பூசணம் மறுபடியும் ஜன்னல்வரை ஏறிவிட்டது. சுண்ணாம்பு அடித்தோம், இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. டாக்டர் அம்மா மாத்திரைச் சீட்டு எழுதிவிட்டு, "மாத்திரையால ஒண்ணும் ஆகாதும்மா, வீட்ட மாத்துங்க" என்றார். தொழிற்சாலை வீட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் வரிசையில் எங்கள் பெயர் எங்கோ அடியில் கிடக்கிறது. புதுக் கட்டடம் ஒன்று முடியப் போகிறது. அது யாருக்கு என்பது இயக்குநரின் மேசையில் இருக்கிறது.

உங்கள் லைலாக் விஷயம் படித்துக் கண் கலங்கிவிட்டது. என் பேரில் பூவா? தையல் பிரிவில் பொத்தான்துளை போடுகிறவளுக்கு இது அதிகம் அக்கா.

இங்கே எல்லோரும் இயக்குநரின் மனைவிக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வருவதைப் பற்றியே பேசுகிறார்கள். மே கடைசியில். அந்த அம்மாளுக்குப் பூ என்றால் உயிராம். ஊர்ப்புறத்து வீட்டில் பெரிய தோட்டம் வைத்திருக்கிறார். எல்லோரும் படிகக் கிண்ணம் வாங்கப் பணம் போடுகிறோம்.

சும்மா ஒரு சந்தேகம். பூத்துக்கொண்டிருக்கும்போது லைலாக்கைப் பெயர்த்து நட்டால் பிழைக்குமா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார்.

அர்வீத்ஸ் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை விஸ்மா


குல்தீகா,
1974 ஏப்ரல் 15

அன்புள்ள விஸ்மாவுக்கு,

அக்கா நலம். கிந்தாவை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளி முடிந்ததும் கோடைக்கு இங்கே கொண்டுவந்து விட்டுவிடேன்.

உன் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குச் சொல். பூக்கும்போது பெயர்க்காமல் இருப்பதே நல்லது. பெயர்த்தே ஆக வேண்டும் என்றால் வேரைச் சுற்றி நிறைய மண்ணோடு எடுத்து, சாக்கில் கட்டி, நட்ட உடனே எல்லாப் பூவையும் கத்தரித்துவிட்டு, கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லைலாக்குக்கு உயிர் கெட்டி. பிழைத்துவிடும்.

நம் செடியில் ஒட்டுக்குக் கீழே முளைக்கிற தளிர்களை விடாமல் கிள்ளிப் போடு. அவை காட்டு லைலாக். விட்டால் நல்லதைத் தின்றுவிடும்.

அக்கா பெர்தா


குல்தீகா,
1974 மே 30

அன்புள்ள விஸ்மாவுக்கு,

நலம். உன்னிடமிருந்து எட்டு வாரமாக ஒரு வரி இல்லை. கிந்தாவுக்கு ஒன்றுமில்லையே? இரண்டு வரி போடு, போதும்.

இங்கே எல்லாம் பூத்துவிட்டன. முதல்முறை பூத்த மூன்றில் ஒன்று பலமுறை துவைத்த கைக்குட்டை நிறம். நம் பண்ணை லாரி ஓட்டுகிற எர்மானிஸ் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "ஆறு வருசம் காத்திருந்தது இதுக்குத்தானா பெர்தா? எங்க வீட்டுக் கக்கூஸ் பக்கத்துல இதவிட நல்லது தானா நிக்குது" என்றார். அவர் சொன்னது சரி. அதை வெட்டிவிட்டேன். இரண்டாவது நல்ல வெள்ளை. ஆனால் இதழ் சுருங்கிக்கொள்கிறது, இன்னொரு வருஷம் பார்க்கலாம். மூன்றாவதில் ஒரே ஒரு கொத்துதான். ஊதா. கிராம்பு வாசனை. வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை மூக்கை வைத்துவிட்டுத்தான் போகிறேன். கன்றுகள் என்னை விசித்திரமாகப் பார்க்கின்றன.

உன் பெயர்க்காரி இந்த வருஷம் இலையே தெரியாமல் பூத்திருக்கிறாள். சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு அந்த நீலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உன்னுடையது விரிந்ததா? முதல் பூ எத்தனை இதழ், மொட்டில் பீட்ரூட் நிறம் சரியாக வந்திருக்கிறதா, எழுது. உன் கையால் வளர்ந்த முதல் லைலாக். அதை நீ பார்த்து எழுதுவதைப் படிக்கத்தான் தினமும் தபால்காரியின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு வணக்கம்.

அக்கா பெர்தா


ரீகா,
1974 ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். ஒரு நல்ல சேதி. எங்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. நான்காவது மாடி, இரண்டு அறை, தெற்குப் பார்த்த பால்கனி. சுவர் உலர்ந்து, தட்டினால் கணீரென்கிறது. கிந்தா முதல் ராத்திரியே விடியும்வரை இருமாமல் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

லைலாக் பூத்தது. நன்றாக இருந்தது.

புது முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். மூட்டை பிரிக்கிற வேலை. அதிகம் எழுத முடியவில்லை.

உங்கள் தங்கை விஸ்மா


குல்தீகா,
1974 ஜூன் 26

அன்புள்ள விஸ்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையிலேயே நின்று படித்தேன். வீடு கிடைத்ததற்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. நடுக்கோடை விழாவுக்குச் செய்த சீரகப் பாலாடைக்கட்டியில் பாதியை உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். லாரி வரும்போது வரும்.

ஆனால் ஒரு மோசம் நடந்திருக்கிறது விஸ்மா. போன வாரம், கடைசிக் கொத்துகள் இருக்கும்போதே பெரியவர் ஓஸ்வால்த்ஸ் வந்தார். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, நம் செடியின் முன்னால் நின்றார். ஒரு கொத்தை இழுத்துப் பிடித்து இதழ்களை எண்ணினார். மயங்கிப்போய் நிற்கிறார் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "இது உங்ககிட்ட எப்பிடி வந்துச்சு?"

நான் விதை போட்டு வளர்த்தது என்றேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இத நான் ரீகா கண்காட்சியில ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பாத்துட்டேன். பேரும் வெச்சாச்சு. ரைமொந்தா."

யாருடையது என்று கேட்டேன். ஒரு தையல் தொழிற்சாலை இயக்குநரின் தோட்டம் என்றார். ரைமொந்தா அவர் மனைவியாம். தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார். உன்னுடையதுதான்.

விஸ்மா, யாரோ உன் தோட்டத்தில் திருடியிருக்கிறார்கள். உன் தொழிற்சாலை ஆட்கள் பலருக்கு அங்கேயே தோட்டம் இருக்கிறதே. பூத்ததைப் பார்த்து, இயக்குநரைக் குளிரவைக்க யாராவது வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நீ வீடு மாறுகிற அவசரத்தில் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையைப் போய்ப் பார்க்கச் சொல். செடி இருக்கிறதா, கிளை வெட்டுப்பட்டிருக்கிறதா?

நான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் இலையுதிர்காலத்தில் குழு கூடும்போது எடுத்துக்கொள்வார்களாம். அந்தச் செடி அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இயக்குநர் வீட்டில் விசாரிப்பார்களாம். எழுதத்தான் போகிறேன். உன் பெயரை நான் விடுவதாக இல்லை.

கிந்தாவுக்கு முத்தங்கள்.

அக்கா பெர்தா


ரீகா,
1974 ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

தயவுசெய்து ஆட்சேபம் எழுதாதீர்கள். திருட்டு ஒன்றும் நடக்கவில்லை. உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அர்வீத்ஸ்தான் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரியாமல், மண்ணோடு பெயர்த்து, இயக்குநரின் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அழுதேன், சண்டை போட்டேன். குழந்தைக்காகச் செய்தேன் என்கிறார். இப்போது விசாரணை என்று வந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், கிந்தா மறுபடியும் அந்த நிலவறைக்குப் போக வேண்டும்.

அவருக்கு இதைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள். ஏற்கெனவே கூனிக் குறுகிக் கிடக்கிறார். என் முகத்துக்காக மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தங்கை விஸ்மா


ரீகா,
1974 ஆகஸ்ட் 4

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

அர்வீத்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். டிராம் ஓட்டுகிறவன், எனக்கு எழுத்து வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பண்ணை லாரியில் பாலாடைக்கட்டி வந்தது. வாங்கப் போனபோது எர்மானிஸ் என் கையில் கொடுக்கவில்லை. "உன் கையில குடுக்கக் கூடாதுன்னு பெர்தா சொல்லிருக்கா. பொண்டாட்டிய வரச் சொல்லு" என்றார். பத்துப் பேர் நின்றிருந்தார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். அவரும் சொன்னார்.

நான் யாரையும் காட்டிக்கொடுக்கிறவன் இல்லை அக்கா. ஆனால் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன். நீங்கள் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியவில்லை. மண்ணை வெட்டியது நான்தான். அது உண்மை. ஆனால் பிறந்தநாளுக்கு முதல் கொத்தைக் கொண்டுபோனது விஸ்மா. பேசி முடித்துவிட்டு வந்தது விஸ்மா. அன்று சாயங்காலம் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பெயர்க்கச் சொன்னாள். அக்காவைக் கேட்காமல் எப்படி என்று நான் தயங்கினேன்.

"என் பேர்ல இருக்கற பூ. எனக்கில்லாத பாத்தியதை யாருக்கு இருக்கு? வெட்டுங்க" என்றாள்.

வெட்டினேன். கிந்தா இருமுவதை நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. விஸ்மாவைக் கேட்காமல் செய்தேன் என்பது மட்டும் பொய்.

அவளிடம் கோபப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இந்தக் கடிதம் எழுதுவதை அவளிடம் சொல்லிவிட்டேன்.

தங்கள்
அர்வீத்ஸ்


குல்தீகா,
1974 ஆகஸ்ட் 10

விஸ்மாவுக்கு,

நலம். உன் புருஷர் எழுதியிருக்கிறார். நடந்ததை உன் கையால் எழுது.

பெர்தா


ரீகா,
1974 ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

நாங்கள் நலம். கிந்தா நன்றாக இருக்கிறாள். இரண்டு கிலோ ஏறியிருக்கிறாள்.

அவர் எழுதியது எல்லாம் உண்மை. பிறந்தநாளன்று எல்லோருக்கும் சேர்த்து ஒரு படிகக் கிண்ணம் மேசையில் இருந்தது. அதே மாதிரிக் கிண்ணம் அவர்கள் அலமாரியில் ஏற்கெனவே நான்கு இருந்தன. நான் பூங்கொத்தைப் பிரித்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் எழுந்து வந்து முகத்தைப் பூவுக்குள் வைத்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை அக்கா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

"இதுக்குப் பேரென்ன?" என்று கேட்டாள்.

"இன்னும் பேரு வெக்கலீங்க."

"நீதான் வளத்தியா?"

"ஆமாங்க" என்றேன்.

இயக்குநர் சிரித்துக்கொண்டே, பெயரில்லை என்றால் என் வீட்டுக்காரி பெயரையே வைத்துவிடலாமே என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கிளம்பும்போது அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, எந்த வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டார். நான் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

அர்வீத்ஸ் தலையில் பழியைப் போட்டது தப்பு. நீங்கள் ஆட்சேபம் எழுதுகிறேன் என்றதும் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. உங்களுக்கு அவர் மேல் கோபம் வந்தால் ஆறிப்போகும், என் மேல் வந்தால் ஆறாது என்று நினைத்தேன்.

மற்றதுக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்களிடம் ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. நான் போட்ட முதல் செருப்பு நீங்கள் வாங்கியது. கல்யாண உடுப்பு நீங்கள் தைத்தது. குழந்தைக்குக் கம்பளி, தேன், கொழுப்பு, கடைசியில் பூவுக்குப் பேர்கூட. எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். இந்த வீட்டையும் நீங்கள் கொடுத்ததாக ஆகியிருக்கும். ஒரே ஒரு தடவை என் குழந்தைக்கு நானாக ஒன்று கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன். கொண்டுவர என்னிடம் வேறென்ன இருந்தது? என் பேர்தான் இருந்தது. அதைக் கொடுத்தேன்.

ஆட்சேபம் எழுதுவதானால் எழுதுங்கள்.

விஸ்மா


குல்தீகா,
1975 மே 18

விஸ்மாவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே மூவரும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு நான்கு பதில் எழுதினேன். நான்கையும் அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது.

போன அக்டோபரில் ஓஸ்வால்த்ஸ் ஆட்சேபம் எங்கே என்று கேட்டு மறுபடியும் வந்தார். மனிதருக்கு என் மேல் இரக்கம். நான் அவரிடம், "அது ரைமொந்தாதாங்க. அப்பிடியே இருக்கட்டும்" என்றேன். தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். உன் வீட்டுக்கு என்னால் ஆபத்து வராது. நிம்மதியாக இரு.

கண்காட்சியில் பார்த்தவர்கள் அந்த வகை என்னிடம் இருப்பது தெரிந்து ஒட்டுக்குச்சி கேட்டு வருகிறார்கள். ரைமொந்தா வேண்டும் என்கிறார்கள். வெட்டிக் கொடுக்கிறேன். பூ யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

நீ எழுதியதைக் குளிர்காலம் முழுக்கக் கன்றுக் கொட்டகையில் யோசித்தேன். நான் கொடுத்ததெல்லாம் உனக்குப் பாரமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. பாரமாகக் கொடுத்திருக்கலாம். கொடுக்கிறவளுக்கு அது தெரியாதுபோல. அதை ஒப்புக்கொள்கிறேன். பெயர் உன்னுடையது என்றாய், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஆமாங்க" என்றாயே, அந்த ஒரு வார்த்தையில் நான் லைலாக் வளர்த்த பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. அது உன்னுடையது இல்லை. பிறகு மாப்பிள்ளையைத் திருடனாக்கி என் முன்னால் நிறுத்தினாய். நான் அந்த மனிதரைப் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தினேன். உன்னை நம்பி அதைச் செய்தேன். அவருக்குத் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் காட்டினாரா, தெரியாது.

இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம்.

கிந்தா கிறிஸ்துமஸுக்குத் தன் கையால் எழுதிய அட்டை வந்தது. கன்றுகளுக்குப் பெயர் உண்டா என்று கேட்டிருந்தாள். பள்ளி முடிந்ததும் அவளை அனுப்பு. ஆகஸ்ட் கடைசிவரை இருக்கட்டும். பால் இருக்கிறது, நல்ல காற்று இருக்கிறது, ஆற்றில் ஆழமில்லாத இடம் இருக்கிறது. அவள் வருவதற்குள் லைலாக் முடிந்திருக்கும். அதுவும் நல்லதுதான்.

எட்டு வயசுக் குழந்தையைத் தனியாக அனுப்பாதே. காலைப் பேருந்து மில் நிறுத்தத்துக்கு மதியம் வரும். மாப்பிள்ளை கூட்டிவந்தால் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி தங்கிப் போகட்டும். அவருக்கு விடுப்பு கிடைக்காமல் நீ வருவதானால், வண்டி அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கும். பையை எடுத்துக் கொடுக்க அது போதும். ஊர் எல்லையில் வண்டி திரும்பி அதே வழியாகத்தான் ரீகா போகிறது.

நான் நிறுத்தத்தில் நிற்பேன். கிந்தாவை இறக்கிவிடு. நீ இறங்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெர்தா